மகள் குளிசைகளை விழுங்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள்: வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

கொழுந்துக்கூடை (பொகவந்தலாவை) எழுதியது:

வணக்கம். அக்கம்பக்கத்தில் எவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு விடயத்தை, இதே வழியில் நடந்த பெற்றோர் யாரேனும் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகின்றேன்.

எனது மூத்த மகளுக்கு 13 வயது. சென்ற சித்திரைப் புத்தாண்டு கழிந்து இரண்டு வாரங்களில் அவளுக்குச் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அவளுடைய அப்பா. அதற்கு முந்திய ஏழு மாதங்களும் இரத்தச் சுத்திகரிப்புக்காக விடியுமுன் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய் இரவில் திரும்பிய நாட்களை நினைத்தால், இப்போது அவள் சாதாரணமாகச் சிறுநீர் கழிப்பதே எங்களுக்குப் பெரிய வரமாகத் தெரிகின்றது.

மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருப்பதற்காக, காலை ஆறு மணிக்கு டக்ரோலிமஸ், மைகோபீனோலேட், பிரட்னிசலோன் ஆகிய மூன்றும், மாலை ஆறு மணிக்கு முதல் இரண்டும் அவள் எடுக்க வேண்டும். காலைக் குளிசைகளை என் கையால் கொடுத்துவிட்டுத்தான் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகின்றேன். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு நான் மலையிலிருந்து வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடுவதால், பெட்டியிலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி மகளைப் பழக்கியிருந்தேன். வீட்டில் மாமியார் இருக்கிறார். ஆனால் அவருக்குக் கண்பார்வை குறைவு.

பொங்கலுக்காக வீட்டைத் துப்புரவு செய்தபோது, மகளின் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய பவுடர் டப்பா ஒன்று கலகலத்தது. திறந்தேன். எண்ணிப் பார்த்தபோது இரண்டு வகையுமாக 34 குளிசைகள் இருந்தன.

என்னை உறங்கவிடாமல் செய்வது அந்த எண்ணிக்கை மட்டுமல்ல. மார்கழி மாதக் கிளினிக்கில், இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கியிருக்கின்றது, நேரம் தவறாமல் கொடுக்கின்றீர்களா என்று வைத்தியர் கேட்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவரும் அதை நம்பி டக்ரோலிமஸின் அளவைக் கூட்டி எழுதினார். இப்போது போய் உண்மையைச் சொன்னால், பொறுப்பில்லாத தாய் என்று நினைக்க மாட்டார்களா? சொல்லாமலே இனி நான் பக்கத்தில் நின்று ஒழுங்காகக் கொடுத்தால் போதாதா?

கணவருக்கு இன்னும் தெரியாது. தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்கியவர் அவர். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அந்த வேலையை விட்டுவிட்டு வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகின்றார். இதைக் கேள்விப்பட்டால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று நினைக்கவே பயமாக இருக்கின்றது. மகளிடம் கேட்டபோது கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவள் அழவில்லை. “இந்த முகத்தோடு எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிரட்னிசலோன் தொடங்கியதிலிருந்து அவளுடைய முகம் உப்பியிருப்பது உண்மைதான். ஆனால் அவள் ஒளித்தது அந்தக் குளிசையை அல்லவே, மற்ற இரண்டையும்தானே என்று எனக்குள் குழம்புகின்றேன். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாத் தந்தை (பண்டாரவளை) எழுதியது:

சகோதரி, முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகின்றேன், ஏனென்றால் அதுதான் அவசரமானது. சொல்லாமல் விடுவது கூடாது. வைத்தியர் கூட்டி எழுதிய அளவு, பிள்ளை எல்லாக் குளிசைகளையும் விழுங்கியும் இரத்தத்தில் மருந்து போதவில்லை என்ற கணக்கில் எழுதப்பட்டது. அந்தக் கணக்கே பிழை என்றால், இனி நீங்கள் பக்கத்தில் நின்று ஒழுங்காகக் கொடுக்கக் கொடுக்க மருந்து அளவுக்கு மீறி ஏறக்கூடும். எனது மகனுக்கு ஒருமுறை வயிற்றோட்டத்தின்போது டக்ரோலிமஸ் அப்படித்தான் ஏறியது. கை நடுக்கத்தில் அவனால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, சிறுநீரகத்தின் வேலை குறைந்தால் இரத்தத்தில் ஏறும் கிரியாட்டினினும் கூடியது. கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் தொலைபேசி இலக்கம் இருக்கும். விடிந்ததும் பேசுங்கள்.

என் மகனுக்குச் சிறுநீரகம் மாற்றி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கொடுத்தவன் நான். அவனும் 14 வயதில் இதையே செய்தான். ஒளித்து வைக்கவில்லை, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னாலுள்ள கானில் எறிந்தான். எங்களுக்குத் தெரியவந்தபோது உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது. அவனுக்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கிரியாட்டினின் மட்டும் கூடியிருந்தது. ஊசி மூலம் மூன்று நாட்கள் ஸ்டீரொயிட் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அந்த மூன்று நாட்களும் வார்டு வாசலில் நின்றுகொண்டு நான் யோசித்தது, எத்தனை தடவை அவனிடம் “என் சிறுநீரகத்தை வீணாக்கிவிடாதே” என்று சொல்லியிருப்பேன் என்பதைத்தான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு பிள்ளை பத்தாவது தடவையாகக் கேட்கும்போது அது கடன்காரன் வாசலில் நின்று பேசுவதைப் போல ஆகிவிடுகின்றது.

ஆறு மணி என்பது மாற்றக்கூடாத முகூர்த்தமல்ல. பன்னிரண்டு மணி நேர இடைவெளிதான் முக்கியம். கிளினிக்கைக் கேட்டு, காலையும் மாலையும் ஆறே முக்கால் என்று மாற்றிக்கொள்ள முடிந்தால் இரண்டு வேளையும் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதன் பின்னர் ஓராண்டு வரையில் அவன் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் பலன் கிடைத்தது.

இன்னொன்று, உங்களுக்கும் பயன்படும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைநாட்டு வீதிகள் எல்லாம் மண்சரிவால் துண்டிக்கப்பட்டபோது, வீட்டில் இரண்டு வாரக் குளிசைகள் மேலதிகமாக இருந்ததால்தான் தப்பினோம். கிளினிக்கில் சொல்லி அப்படியொரு கையிருப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பவுடர் டப்பாவில் கிடந்தவற்றை அந்தக் கையிருப்பில் சேர்க்க வேண்டாம். ஈரம் பட்டவை எவையென்று யாருக்குத் தெரியும்.

மூத்தவர் (மஸ்கெலியா) எழுதியது:

மகளே, மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை இங்கிலீஷ் குளிசைகளைச் சின்னப் பிள்ளையின் உடம்பு எப்படித் தாங்கும்? எங்கள் காலத்தில் சீந்தில் கொடியைக் கஷாயமாக வைத்துக் கொடுப்போம். நோய் எதிர்ப்புச் சக்தி தானாகக் கூடும். வாரத்தில் இரண்டு நாட்கள் கொடுத்துப் பாருங்கள், பிள்ளையின் முகமும் வடியும். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள்.

சிறுவர் வார்டு தாதி எழுதியது:

சகோதரி, நான் மலையகத்தில் பிறந்து, இப்போது அரச வைத்தியசாலையொன்றின் சிறுவர் வார்டில் கடமையாற்றுகின்றேன். உங்கள் மகளின் வைத்தியர் சொல்வதற்கு மேலாக நான் எழுதுவது எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே எழுதிய ஐயாவின் அக்கறையை மதிக்கின்றேன். நேர்த்திக்கடன் வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் சீந்தில் கஷாயத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். உங்கள் மகளின் உடலைப் பொறுத்தவரை அவளுடைய அப்பாவின் சிறுநீரகம் அந்நியப் பொருள். அந்நியப் பொருளை அழிப்பதுதான் எதிர்ப்புச் சக்தியின் வேலை. அந்தச் சக்தியை அடக்கி வைப்பதற்காகத்தான் அவளுக்கு இத்தனை குளிசைகள் கொடுக்கப்படுகின்றன. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் எதுவும், அது கஷாயமாக இருந்தாலும் சத்து மாவாக இருந்தாலும், குளிசை செய்கின்ற வேலைக்கு எதிரான வேலையைச் செய்யக்கூடும். சீந்தில் ஈரலையும் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

பண்டாரவளைச் சகோதரர் அளவைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அதோடு ஒன்றைச் சேர்க்கின்றேன். பயந்துபோய் நீங்களாகவே பழைய அளவுக்குக் குறைத்துவிடாதீர்கள். விடுபட்டவற்றை ஈடுசெய்வதாக நினைத்து இரட்டிப்பாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். தொலைபேசியில் மூன்று விடயங்களைச் சொன்னால் போதும்: எத்தனை குளிசைகள் கிடைத்தன, அவை எந்த வேளைக்குரியவை, எப்போதிருந்து இது நடந்திருக்கலாம். மகளிடம் நாட்களைக் கேட்கும்போது விசாரணை போலக் கேட்காமல், கலண்டரை அவள் கையில் கொடுத்து அடையாளமிடச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் உண்மையாகவே அடையாளமிடுவதை நான் பார்த்திருக்கின்றேன். பொறுப்பில்லாத தாய் என்று நினைப்பார்களோ என்று கேட்டீர்கள். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் குளிசைகள் தவறுவதால் மாற்றிய சிறுநீரகம் இழக்கப்படுவது உலகம் முழுவதும் சிறுநீரக வைத்தியர்கள் அன்றாடம் காணும் விடயம். உங்கள் வைத்தியர் இதை முதன்முறையாகக் கேட்கப்போவதில்லை.

இரத்தத்தில் டக்ரோலிமஸ் அளவைப் பார்ப்பதற்கு, முந்திய வேளைக் குளிசை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக் குளிசையை எடுப்பதற்கு முன் இரத்தம் எடுக்கப்பட வேண்டும். ஆகவே கிளினிக் நாளில் காலைக் குளிசையை வீட்டில் கொடுத்துவிடாமல் கையோடு கொண்டுபோய், இரத்தம் எடுத்த பின்னரே கொடுங்கள். முதல் நாள் மாலையில் எத்தனை மணிக்கு எடுத்தாள் என்பதையும் சொல்லுங்கள். தூரத்திலிருந்து வருகின்றவர்களுக்கு அந்த இடைவெளி பதினான்கு மணி நேரமாகிவிடுவதுண்டு, அப்போது அளவு இயல்பாகவே சற்றுக் குறைத்துக் காட்டும். சாப்பாட்டுக்கு முன் எடுப்பதென்றால் எப்போதும் முன், பின் என்றால் எப்போதும் பின். ஒரு நாள் வெறும் வயிற்றிலும் மறுநாள் எண்ணெய் ரொட்டிக்குப் பின்னும் எடுத்தால், உடல் உறிஞ்சும் அளவு நாளுக்கு நாள் மாறிவிடும். ஜம்போலா எனப்படும் பம்பளிமாஸ் பழம் மருந்தின் அளவை ஏற்றிவிடும். அது அறவே வேண்டாம். தலைவலிக்கு இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். வேறு வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி எழுதினால், அதைத் தொடங்குமுன் கிளினிக்கைக் கேளுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்றவை டக்ரோலிமஸை உயர்த்தும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைத் தாழ்த்திவிடும். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வகுப்பில் எவருக்கேனும் அம்மை போட்டிருக்கின்றது என்று தெரிந்தால், மகளுக்குக் கொப்புளம் வரும்வரை பார்த்திருக்காமல் அன்றே அறிவியுங்கள்.

பிரட்னிசலோனை அல்ல, மற்ற இரண்டையுமே ஒளித்தாள் என்று குழம்பியிருக்கின்றீர்கள். காலையில் நீங்கள் முன்னால் நிற்கின்றீர்கள், மாலையில் யாரும் இல்லை. அவளுக்குக் கிடைத்த இடைவெளி அது ஒன்றுதான். எந்தக் குளிசை முகத்தை உப்பவைக்கின்றது என்பதை யாராவது அவளுக்குப் பிரித்துச் சொல்லியிருக்கின்றார்களா?

மாலை வேளையே தொல்லையாக இருக்கும் பிள்ளைகளுக்கு, நாளுக்கு ஒரு முறை மட்டும் எடுக்கும், மெதுவாகக் கரையும் டக்ரோலிமஸ் வகையும் உண்டு. அது உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும், கேட்பதில் தவறில்லை. கேட்காமல் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் கொடுப்பது ஆபத்து.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதைப் பற்றி எனக்குச் சகோதரரோடு உடன்பாடில்லை. முதல் சில நாட்களுக்கு வேறு வழியில்லாமல் போகலாம். ஓராண்டு என்பது நீண்ட காலம்.

பன்னிரண்டில் மறுபிறவி (கொட்டகலை) எழுதியது:

அக்கா, தாதி அம்மா கடைசியில் எழுதியதைப் படித்த பின்னர் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இப்போது 23 வயது. 12 வயதில் எனக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவர் என் அம்மா. நானும் குளிசைகளை ஒளித்தவள்தான். பண்டாரவளை அண்ணன் செய்தது போலவே என் அம்மாவும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கன்னத்துக்கும் பல் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்துக்கொண்டு “ஆ” காட்டுவதை நான் இரண்டே நாட்களில் கற்றுக்கொண்டேன். அண்ணனின் மகன் நல்ல பிள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் ஒளித்தேன் என்று பெரியவர்கள் கேட்டபோதெல்லாம் “தெரியாது” என்றுதான் சொன்னேன். உண்மையிலேயே அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகின்றவற்றைச் சொல்கின்றேன். முகம் ஒரு காரணம். வகுப்பில் என்னைப் “பூசணி” என்று கூப்பிட்டார்கள். அதைவிட எனக்கு வேதனையாக இருந்தது கை நடுக்கம். என் கையெழுத்து அழகானது என்று ஆசிரியை எல்லோருக்கும் காட்டிய காலம் போய், கோழி கிளறியது போல ஆகிவிட்டது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. உயிர் தப்பியதே பெரிது என்று நினைத்த வீட்டில் கையெழுத்தைப் பற்றி முறையிட எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. பின்னர் ஒரு நாள் கிளினிக்கில் அதைத் தற்செயலாகச் சொன்னபோது, அளவைப் பார்த்துச் சற்றுக் குறைத்தார்கள், நடுக்கமும் குறைந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். உங்கள் மகளின் கொப்பியைத் திறந்து, சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் எழுதியவற்றை ஒருமுறை பாருங்கள், அக்கா.

இன்னொரு காரணத்தை எழுதுவதற்கு இப்போதும் தயக்கமாக இருக்கின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பார்க்க வந்த உறவினர் ஒருவர், நான் தூங்குகின்றேன் என்று நினைத்துக்கொண்டு, “இனி இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் காட்சி எப்படி நடக்கும், பிள்ளை குட்டி எப்படி உண்டாகும்” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் அழுதார். அந்த அழுகையை வைத்து நான் எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டேன். எதுவுமே நடக்காத வாழ்க்கைக்கு எதற்கு நாளுக்கு இரண்டு வேளை மருந்து என்று ஒரு 13 வயதுப் பிள்ளை நினைப்பது அவ்வளவு விசித்திரமானதா? சிறுநீரகம் மாற்றிய பெண் ஒருவர் 1958ஆம் ஆண்டிலேயே குழந்தை பெற்றிருக்கிறார் என்பதையும், அதற்கு முன்கூட்டியே திட்டமிட்டு, கருவைப் பாதிக்கக்கூடிய மைகோபீனோலேட்டை வைத்தியர் வேறு மருந்தாக மாற்றிக் கொடுப்பார் என்பதையும் நான் அறிந்தபோது எனக்கு 19 வயது. உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது பேசியிருக்கக்கூடும். லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா கொடுத்தார் என்பதை அவளிடம் சொல்லிக்காட்டுகின்றவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லுங்கள். எனக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ திருடியது போல இருக்கும். அவர் ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அது என்னால்தான் என்று நினைப்பேன். உண்மையில் அது நாள் முழுவதும் கூடை சுமந்த இடுப்பு வலி.

என்னை மாற்றியது ஒரு சின்ன விடயம். கிளினிக்கில் ஒரு தாதி, அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் மட்டும் ஒவ்வொரு குளிசையாகக் கையில் வைத்து எது என்ன செய்கின்றது என்று விளக்கினார். முகத்தை உப்பவைப்பது எது, அது எப்போது குறைக்கப்படும் என்பதை அன்றுதான் அறிந்தேன். டக்ரோலிமஸ் 1984ஆம் ஆண்டில் ஜப்பானின் சுகுபா என்ற இடத்து மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்றும் சொன்னார். மண்ணைத் தொடாதே, கிருமி, தோட்டப் பக்கம் போகாதே என்று எந்நேரமும் விரட்டப்பட்ட எனக்கு, என்னை உயிரோடு வைத்திருப்பதே மண்ணிலிருந்து வந்ததுதான் என்பது சிரிப்பை வரவழைத்தது. வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். அன்றைக்குத்தான் அந்தக் குளிசைகள் முதன்முறையாக என்னுடையவை ஆயின. ஒரே நாளில் திருந்திவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் தவறவிட்டிருக்கின்றேன். ஆனால் தவறவிட்டால் சொல்லிவிடும் பழக்கம் வந்தது.

தரம் எட்டு வகுப்பாசிரியர் (தலவாக்கலை) எழுதியது:

அம்மா, பாடசாலை தொடர்பாக மட்டும் சிறிது சொல்கின்றேன். எனது வகுப்பிலும் இத்தகைய மாணவர் ஒருவர் இருந்தார். வைத்தியரிடமிருந்து ஒரு கடிதம் பெற்று அதிபரிடம் கொடுங்கள். சுடுநீர்ப் போத்தலுக்கும் இடையில் கழிவறைக்குச் செல்வதற்கும் அனுமதி கேட்டு ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் பிள்ளை கூச்சப்பட வேண்டியிருக்காது. விளையாட்டைப் பொறுத்தவரை, மாற்றிய சிறுநீரகம் பொதுவாக அடிவயிற்றில் முன்பக்கமாக வைக்கப்படுவதால் அங்கே அடிபடக்கூடாது. அதற்காக மைதானத்துக்கே வரவேண்டாம் என்று ஒதுக்கி வைத்துவிடவும் கூடாது. எவை கூடும், எவை கூடாது என்பதைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் விடயத்தை, பிள்ளையை முன்னால் நிறுத்தி வகுப்புக்குப் புத்திமதி சொல்லித் தீர்க்க முயலும் ஆசிரியர்கள் உண்டு. நானும் ஒருமுறை அப்படிச் செய்து நிலைமையை மோசமாக்கினேன். அவளுடைய நெருங்கிய தோழிகள் இருவரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள், அது போதும்.

கொழுந்துக்கூடை (பொகவந்தலாவை) எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூத்தவர் ஐயாவுக்கும்தான், கஷாயம் கொடுக்கவில்லை, நேர்த்திக்கடனை வைத்திருக்கின்றேன்.

திங்கட்கிழமை காலையில் மலைக்குப் போகாமல் தொலைபேசியில் பேசினேன். ஒரு நாள் பெயர் (சம்பளம்) போனது, போகட்டும். மறுநாளே வரச் சொன்னார்கள். மகள் கலண்டரில் தானாகவே அடையாளமிட்டாள். கார்த்திகை நடுப்பகுதியிலிருந்து தொடங்கியிருக்கின்றது. வைத்தியர் என்னைத் திட்டவில்லை. இதைச் சொன்னது நல்லது என்று சொல்லிவிட்டு, டக்ரோலிமஸை மார்கழிக்கு முந்திய அளவுக்கு மாற்றினார். கிரியாட்டினின் சற்றுக் கூடியிருக்கின்றது. இதை இப்போதைக்கு நிராகரிப்பு என்று சொல்ல முடியாது, ஒரு வாரத்தில் மீண்டும் பார்ப்போம், அப்போதும் கூடியிருந்தால் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டிவரும் என்றார். நேரத்தை ஆறே முக்காலுக்கு மாற்றிக்கொள்ளவும் சம்மதித்தார். நாளுக்கு ஒரு முறை எடுக்கும் வகையைப் பற்றிக் கேட்டேன். முதலில் இந்த அளவு நிலைக்கட்டும் என்றார். கொட்டகலைத் தங்கை எழுதியதை நினைத்து, மகளோடு தனியாகப் பேச முடியுமா என்றும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

கொப்பிகளைப் பார்த்தேன். கையெழுத்து மாறித்தான் இருக்கின்றது.

கணவரிடம் அன்றிரவே சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மாதான் தினமும் சொல்லிக்காட்டுகிறாள், நானே பேசுகிறேன்” என்றார். மாமியாரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மாமியாருக்கு என்மேல் சிறிது வருத்தம் இருக்கின்றது.

நாளை மறுபடியும் இரத்தம் எடுக்கும் நாள். அதிகாலை நாலரை மணி பஸ்ஸுக்குப் புறப்பட வேண்டும். இன்று மாலை ஆறே முக்காலுக்குக் குளிசைகளை எடுத்த நேரத்தைக் கிளினிக் கொப்பியில் குறித்துவிட்டு, நாளைக் காலைக்குரியவற்றைச் சிறிய போத்தலொன்றில் போட்டு அவளே தன் பைக்குள் வைத்திருக்கின்றாள். இரண்டு தடவை திறந்து எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கின்றது.